பாட்டிலைத் தூக்கி வந்தவர்கள்

எங்கள் தெருவில் முதலில் திரும்பி வந்தவர் கோயில் உபதேசியார் மத்தியாஸ். என் மனைவி பவுலின் இறந்து பத்தாவது வருஷம், ஈஸ்டர் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து பதினொன்றரை மணிக்கு, நானும் முந்திரி மக்ரூன் சுட்டு விற்கும் வாஸும் கோயிலில் ஆர்மோனியம் வாசித்து ஓய்ந்த தஸ்நேவிஸும் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பல்கேரியாவின் வார்னா துறைமுகத்தில் நான் வாங்கிய மாவ்ருத் என்னும் கருஞ்சிவப்பு ஒயினின் கார்க்கை இழுத்தபோது, செத்து இருபத்திரண்டு வருஷமான உபதேசியார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, "வெயில் என்னா போடு போடுது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். வாஸ் எழுந்து மின்விசிறிக்கு நேரே இருந்த தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். தஸ்நேவிஸ் நாலாவது கிளாஸ் எடுக்கப் போனார்.

உபதேசியார் கிளாசைத் தொடவில்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டூவர்ட், இது நான் குடைக்குள்ள வச்சுக் கொண்டாந்த பாட்டில்லா? பூசைக்குன்னு சொல்லித்தானே குடுத்த. சாமியாரிட்ட குடுக்கலையா?"

"குடுத்தாச்சு உபதேசியாரே. இது அதுல மிச்சம்" என்றேன்.

ஒன்றேகால் மணி நேரம் இருந்தார். கோயில் மணிக்கூண்டுக்கு வெள்ளை அடித்தது யார், ஞானோபதேச வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்களா என்றெல்லாம் விசாரித்தார். கிளாசில் இருந்த ஒயின் சோர்ந்து, பழவாசனை போய், புளிக்கத் தொடங்கியபோது குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை வாஸ் கூடப் போனார். முனையில் திரும்பிய பிறகு ஆள் இல்லை. வாஸ் வந்து, "பாவம், செருப்பை விட்டுட்டுப் போயிட்டாரு" என்றார். அந்தச் செருப்பை உபதேசியார் மகன் வீட்டில் கொடுத்தோம். அவன் அதைப் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கவே, ரெண்டு வருஷம் போட்டுத் தேய்த்தான்.

நான் முப்பத்தோரு வருஷம் கப்பலில் ஸ்டூவர்டாக இருந்தவன். பேர் பெலிக்ஸ் கொரேரா, ஆனால் தூத்துக்குடியில் அந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்குக்கூடத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பலில் அதிகாரிகள் சாப்பிட்டு எழுந்த மேஜையைத் துடைக்கும் வேலையில் சேர்ந்து, அவர்கள் கிளாசில் விட்டுப்போனதை மோந்து மோந்து, பாட்டிலின் ஒட்டுத்தாளை எழுத்துக்கூட்டிப் படித்து, ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் தெரிந்துகொண்டேன். பேர் பெற்ற ஒயின்களைக் கப்பித்தான்கள் குடித்தார்கள். துறைமுகத்துச் சந்துக் கடைகளில் யாரும் கேட்காமல் தூசி பிடித்துக் கிடந்தவற்றை நான் வாங்கினேன். பத்து, இருபது வருஷம் பொறுத்திருந்தால் அவற்றில் சில, கப்பித்தான் மேஜைக்குப் போனதைவிட மேலாக வரும் என்பதை மூக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

வாங்குவது சுலபம், வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாடு. அது மதுவிலக்குக் காலம். அதனால் பாட்டில்கள் ஒன்றொன்றாக, யாரும் சோதிக்கத் துணியாத கைகளில் ஊருக்குள் வந்தன. உபதேசியாரின் குடைக்குள் ஒன்று, ரிக்‌ஷாக்கார குருஸின் சீட்டுக்கு அடியில் ஒன்று, பிரசவம் பார்க்கும் மதலேனாளின் பையில் ஒன்று, பவுலினின் முருங்கைக்காய்க் கூடையில் நாலு. வந்தவற்றை எங்கள் வீட்டுப் பின்னறையில் தரைக்குக் கீழே இருந்த பழைய தண்ணீர்த் தொட்டியில், ஈர மணலில் படுக்கவைத்தேன். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அந்தத் தொட்டிக்கு வேறு வேலை இல்லை. வெளியே தீயாய்க் காய்ந்தாலும் அதற்குள் மார்கழிக் குளிர் இருக்கும்.

யார் தூக்கி வந்த பாட்டிலோ அவர், தூக்கிய நாளில் இருந்தபடியே வருகிறார், பாட்டிலில் ஒயின் உயிரோடு இருக்கும் வரை இருக்கிறார் என்பது மூன்றாவது ஞாயிறு மதலேனாள் வந்தபோது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்றுதான் கேட்டார்கள். அது ஒயினைப் பொறுத்தது என்றேன். பழைய சிவப்பு ஒயின் திறந்தபின் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தாங்கும். பிரான்சில் ழூரா என்ற மலைப்பக்கத்து மஞ்சள் ஒயின், வாதுமையும் கறிமசாலும் சேர்ந்தாற்போல மணப்பது, ஒரு வாரம் கிடக்கும். மதேரா என்ற போர்ச்சுகல் தீவு ஒயினோ, தீயில் வாட்டியதுபோல வெந்தே வருவது, மாதக்கணக்கில் கெடாது. இதை முதலிலேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் குருஸ் தூக்கி வந்த மதேராவைத் திறந்துவிட்டேன்.

குருஸ் இருபத்துமூன்று நாள் இருந்தார். முதல் வாரம் அவர் மகன் வீட்டில் கல்யாணக் களை. இரண்டாவது வாரம், ரிக்‌ஷா எங்கே, ரிக்‌ஷா எங்கே என்று கேட்டு, தெருவில் நின்ற ஷேர் ஆட்டோக்களை விடியும் முன்னே எழுந்து கழுவத் தொடங்கினார். மூன்றாவது வாரம் மருமகளின் குழம்பில் உப்புப் பார்த்தார், டிவியின் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார், தன் கட்டிலில் படுத்த பேரனை இறக்கிவிட்டார். மகன் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, அந்தப் பாட்டில்ல இன்னும் எம்புட்டு இருக்கு?"

"மூணு விரக்கடை."

"குடிச்சுத் தீத்துருவமா?"

நாங்கள் மூவரும் அவனும் சேர்ந்து அன்று மத்தியானம் வாஸின் மக்ரூனைக் கடித்துக்கொண்டு அதைத் தீர்த்தோம். மக்ரூனுக்கும் மதேராவுக்கும் அப்படி ஒரு பொருத்தம் உண்டு. கடைசி மடக்கை அவன்தான் குடித்தான். குடித்துவிட்டு மேஜையில் தலையை வைத்து ஒரு மணி நேரம் அழுதான்.

அதன் பிறகு பங்குப் பேரவை கூடி சில விஷயங்களை முடிவு செய்தது. வருகிறவர்களுக்கு முதலில் சாப்பாடு போட வேண்டும். அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று அவர்களிடம் சொல்லக் கூடாது. பத்திரம், பாகப்பிரிவினை பற்றிக் கேட்கக் கூடாது, ஏனென்றால் மதலேனாளின் பேரன்மார் கேட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தவக்காலத்தில் திறக்கக் கூடாது. பங்குச் சாமியார், ஒயின் விஷயத்தில் திருச்சபைக்கு ஆட்சேபணை சொல்ல இடமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, தனக்கு முன்னால் இருந்த சாமியார் யாராவது பாட்டில் தூக்கினாரா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் விழுந்துபோனது.

ஞாயிறு மத்தியானம் என் வீட்டு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கின. எங்க அப்பா உங்களுக்கு ஏதாவது தூக்கிட்டு வந்திருக்காரா, எங்க சின்னம்மை, எங்க மூத்தவன் என்று கேட்டு வந்தார்கள். எது யார் கையில் வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு காலத்தில் ரகசியமாக எனக்கு உதவியதை வீட்டில் சொல்லாமலே செத்துப்போனவர்கள் பலர். மகளிர் சங்கத் தலைவியின் தாயார் ஒரு ஹங்கேரி ஒயினைக் கைக்குழந்தையின் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தது தெரிந்தபோது, அந்தம்மாள் வெட்கப்படுவாள் என்று பயந்தேன். அவள், "எங்கம்மைக்கு அம்புட்டு தைரியமா!" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

பவுலின் கொண்டுவந்தவை, ஜெனோவாவில் ஒரு கிழவியிடம் வாங்கிய கத்தினாரா நாலு பாட்டில். இத்தாலியின் வடக்கில் மலையடிவாரத்து ஒயின் அது. இளசில் வாயைக் கட்டும், முதிர்ந்தால் காய்ந்த ரோஜாவும் தாரும் மணக்கும். அவளுடைய பத்தாவது நினைவு நாளை ஒட்டிய ஞாயிறு அதில் ஒன்றைத் திறந்தேன். அவள் வாசல் வழியாக வரவில்லை. அடுக்களையிலிருந்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாஸ் அண்ணே, மகளுக்கு வரன் அமைஞ்சுதா?" என்றாள்.

"அமைஞ்சு, பேத்தியே காலேஜ் போறா" என்றார் வாஸ்.

"சந்தோசம்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். பத்து வருஷம் அந்த முகத்துக்காக நான் ஏங்கியிருந்தேன். "ஏங்க, பிரகாசியிட்ட சொல்லிட்டீங்களா?"

கிளாசை மேஜையில் வைத்தேன். "சொல்லணும்" என்றேன்.

"எப்ப?"

"சொல்றேன் பவுலின்."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தாள். வேறெதுவும் என்னிடம் கேட்கவில்லை. அவள் போன பின் தஸ்நேவிஸ், "என்னத்தவே பிரகாசியிட்ட சொல்லணும்?" என்றார். சமைக்க வருகிறவளிடம் மீனுக்குச் சொல்லிவைக்க வேண்டும், அதைத்தான் கேட்கிறாள் என்றேன். தஸ்நேவிஸ் ஆர்மோனியக்காரர், சுருதி விலகினால் அவர் காதுக்குத் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

மறுவாரம், மிச்சம் மூன்று கத்தினாராவும் கார்க் கெட்டு வீணாகிவிட்டன என்று எல்லாரிடமும் சொன்னேன். ஈரச் சாக்கு நாற்றம் அடித்தால் கார்க் கெட்டது என்று அர்த்தம். அந்த நாற்றம் எது என்று தெரு முழுவதிலும் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்பதால் யாரும் மறுக்கவில்லை. ஒரு புதன்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு அதில் ஒன்றைத் தனியாகத் திறந்தேன். அவள் வந்து அதையே கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அந்த ஒயினும் செத்துப்போனது.

பிரகாசியிடம் சொல்ல வேண்டியது இதுதான்.

1978, மாசி மாதம். கப்பல் வெளித்துறையில் நங்கூரம் போட்டு, உள்ளே வர முறைக்காகக் காத்திருந்தது. லிஸ்பன் பக்கத்தில் கொலாரிஷ் என்று ஓர் ஊர், அங்கே கடற்கரை மணலை ஆள் உயரம் தோண்டி அதற்குள் கொடியை நட்டு வளர்ப்பார்கள், அந்த மணலில் விளைந்த பதினைந்து வருஷத்துப் பழைய ஒயின் இரண்டு பெட்டி என்னிடம் இருந்தது. அப்படி ஒரு சரக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும். இவற்றை ஒவ்வொரு பாட்டிலாகக் கொண்டுபோகப் பொறுமை இல்லாமல், தார்ப்பாயில் கட்டி, ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழத்தில் கடலில் இறக்கி, மேலே ஒரு கட்டையை மிதக்கவிட்டேன். கப்பலை விட்டு இறங்கி ஊருக்கு வந்த மறுநாள் காலையில் கயித்தானைக் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் போனேன்.

கயித்தான் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன், பிரகாசியின் புருஷன், எனக்குத் தம்பி மாதிரி. குடிக்க மாட்டான். வாசனைகூட ஆகாது. அவனுக்கு அப்போது காதில் ரத்தம் வரத் தொடங்கியிருந்தது. இனிமேல் குளிக்க முடியாது, கப்பலில் ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள் அண்ணே என்று கேட்டிருந்தான். பார்க்கிறேன், முதலில் இதை எடுத்துக் கொடு என்றேன்.

எங்கள் பக்கத்தில் சங்கு குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். தன் அக்காள் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. கயித்தானுக்கு எப்போதும் கயிறு பிடித்தது பிரகாசியின் தம்பி ராயப்பன். அன்றைக்கு விஷயம் வெளியே போகக் கூடாது என்று ராயப்பனிடம் சொல்லாமல் போனோம். கயிறு என் கையில் இருந்தது. கயித்தான் முதல் பெட்டியை எடுத்து வந்து வள்ளத்தில் வைத்தான். மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம் வடிந்தது. இரண்டாவது பாறையில் சிக்கியிருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாமா என்றான். இன்னொரு தடவை, இன்னொரே ஒரு தடவை என்றேன். அவன் போனான். நான் கார்க்குக்குள் உப்புத்தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று முதல் பெட்டியைப் பிரித்து, கயிற்றைக் காலுக்கு அடியில் மிதித்துக்கொண்டு, ஒரு பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நிறம் மாணிக்கம் மாதிரி இருந்தது. பார்த்து முடித்துக் குனிந்தபோது கயிறு தளர்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள் முயல்தீவில் கரை ஒதுங்கினான். தனியாகச் சங்கு குளிக்கப் போனான் என்று ஊர் முடிவு செய்தது. பவுலினைத் தவிர யாரிடமும் நான் ஒன்றும் பேசவில்லை, அவ்வளவுதான் நான் செய்தது. மச்சான் இருந்தும் கயிறு பிடிக்கப் போகவில்லை என்று பிரகாசி ராயப்பனுடன் பேசுவதை நிறுத்தினாள். அவன் திரேஸ்புரத்தில் அரை மணி நடையில் இருந்தான். முப்பத்துமூன்று வருஷம் அவன் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அவள் போகவில்லை. அந்தப் பெட்டியின் ஆறு பாட்டிலில் ஐந்தை அடுத்தடுத்து வந்த வருஷங்களில் நாங்கள் மூவரும் குடித்தோம். ஆகா என்றோம். அந்தக் காலத்தில் யாரும் திரும்பி வரவில்லை. ஒன்று தொட்டியில் இருந்தது.

பவுலின் வந்த இரண்டு நாள் தவிர, இந்தப் பிரகாசிதான் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சமைத்தாள். வலைக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவள், ஒரே மகளை மணப்பாட்டில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். முதலில் சாப்பாடு போட வேண்டும் என்று பேரவை முடிவு செய்ததும் தானாகவே வந்து என் அடுக்களையைப் பிடித்துக்கொண்டாள். நெத்திலி பொரிப்பாள், சோறு வடிப்பாள், யாருடைய தகப்பனோ தாயோ உட்கார்ந்து சாப்பிடுவதை நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்ப்பாள். ஒரு நாள், எல்லாரும் போன பின்பு, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஸ்டூவர்ட் அண்ணே, அவரு உங்களுக்கு ஒண்ணுகூடத் தூக்கிட்டு வந்ததில்லையா?"

"இல்லம்மா" என்றேன். "அவன் இதையெல்லாம் தொட மாட்டானே."

"அதான். தொடவே மாட்டாரு." கரண்டியைத் தேய்த்த கை நின்றது. "குடிகாரன் பொண்டாட்டி எல்லாம் புருசன்கூட உக்காந்து ஒரு நேரம் சோறு தின்னுட்டுப் போறா. என் மனுசன் யோக்கியனா இருந்தாரு பாருங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஒரே ஒரு பாட்டில், ஒரே ஒரு பாட்டில் தூக்கிருக்கக் கூடாதா? மொகம் போட்டோவுல இருக்கு அண்ணே. கொரலுதான் மறந்துபோச்சு. எப்படிப் பேசுவாருன்னு ரா முழுக்க யோசிச்சுப் பாக்கேன், ராயப்பன் கொரலுதான் வருது. அந்தப் பாவி கொரலு."

அவள் போன பின் வெகுநேரம் தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்திருந்தேன். திறந்தால் அவளுக்குக் குரல் கிடைக்கும், எனக்கு ஊரில் முகம் இருக்காது. திறக்காவிட்டால் செத்தவனின் யோக்கியதையை அவள் சபித்துக்கொண்டே சாவாள். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை, முட்டாளுக்கும் விடை தெரியும். இருந்தும் எனக்கு இன்னும் நாலு ஞாயிறு தேவைப்பட்டது. அந்த நாலு ஞாயிறும் அவள் நெத்திலி பொரித்தாள்.

ஐந்தாவது ஞாயிறு யாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாஸையும் தஸ்நேவிஸையும் மட்டும் உட்காரவைத்து, அந்தப் பாட்டிலை மேஜையில் வைத்தேன். ஒட்டுத்தாள் கரைந்து போயிருந்தது, கழுத்தில் உப்புப் பூத்திருந்தது. வாஸுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"போர்ச்சுகல் சரக்குல்லா! இதுல ஒண்ணு மிச்சம் வச்சிருக்கீரா? அட கள்ளப்பயலே!" என்று தொடையில் தட்டினார். "யாரு தூக்குனது?"

"கயித்தான்."

அடுக்களையில் பிரகாசி நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள். தஸ்நேவிஸ் என்னைப் பார்த்தார், பிறகு பாட்டிலைப் பார்த்தார். "நாமளும் குடிச்சோமேவே" என்று மெல்லச் சொன்னார். "அஞ்சு பாட்டில் குடிச்சோமே."

"உமக்குத் தெரியாதுல்லா" என்றேன்.

"இப்பத் தெரியுதே" என்றார் அவர்.

பிரகாசி கையில் ஜல்லிக்கரண்டியோடு வந்து நின்றாள். அவள் ஒன்றும் கேட்பதற்குள் நான் கார்க்கை இழுத்தேன். கார்க் பாதியில் உடைந்து, மிச்சம் முழுசாக வந்தது. பழக்கம் பாருங்கள், அந்த நேரத்திலும் கிளாசில் ஒரு சுற்று ஊற்றி, கெட்டிருக்கிறதா என்று வாயில் வைத்துப் பார்த்தேன். அப்போது கயித்தான் வாசலில் வந்து நின்றான்.

உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது. இடுப்பில் கயிறு. மூக்கின் கீழே ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அண்ணே, மொதப் பெட்டி பத்திரமா இருக்குல்லா? ரெண்டாவது பாறையில மாட்டிக்கிட்டு. செத்த மூச்சு வாங்கிட்டு மறுக்கா போறேன்" என்றவன், பிரகாசியைப் பார்த்ததும் பதறினான். "இவ எப்படி இங்க வந்தா? இவகிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னேம்லா அண்ணே. ஏளா, என்ன வெயில்ல நின்னியா, மொகமெல்லாம் சுருங்கிக் கெடக்கு?"

அவளுக்கு அறுபத்தோரு வயது, அவனுக்கு முப்பத்திரண்டு. அவன் பேசுவதைக் காதால் வாங்கிக்கொண்டு, அசைந்தால் சிந்திவிடும் என்பதுபோல நின்றாள்.

"அப்ப நான் போயிட்டு வந்துருதேன்" என்று அவன் திரும்பினான்.

"கயித்தான், வேண்டாம்" என்றேன். "பெட்டி கெடக்கட்டும். போகாத."

"கெடக்கட்டுமா?"

"கெடக்கட்டும். எனக்கு வேண்டாம்."

"நெசமாவா அண்ணே? நாளைக்கு வந்து எடுக்கச் சொல்லுவீயளோ?"

"எப்பவும் வேண்டாம்."

"அப்ப கப்பல் வேலை?"

"அது உண்டு. அது பேசியாச்சு."

அவன் தோள் தளர்ந்தது. சிரித்தான். "நல்லதாப் போச்சு அண்ணே. காது ரெண்டும் கொய்யுனு இரையுது. நீங்க மொகங்கோணிடுவீயளேன்னுதான் சரின்னேன்" என்று இடுப்புக் கயிற்றை அவிழ்த்து வாசலில் போட்டான். எவ்வளவு சுலபமான வார்த்தை அது. வள்ளத்தில் இருந்து சொல்லியிருந்தாலும் இதே மூச்சுதான் செலவாகியிருக்கும்.

பிரகாசி துண்டு கொண்டுவந்து அவன் தலையைத் துவட்டினாள். சோறு போட்டாள். அவன் நெத்திலியைத் தலையோடு மென்று தின்றான், மோர் கேட்டான், இன்னும் கேட்டான். ராயப்பனைக் கூப்பிட்டுக்கொண்டு போகாததற்கு அவன் கோபித்துக்கொள்வான், நீதான் சமாதானம் சொல்ல வேண்டும் என்றான். மகளின் மொட்டைக்கு மணப்பாட்டுக்குப் போவோமா என்றான். கப்பலுக்குப் போனால் எந்த ஊரில் பனி பெய்யும் என்று வாஸிடம் கேட்டான். வாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் போயே இராத ஊர்களின் பேரையெல்லாம் சொன்னார். பிரகாசி ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள். ஒரு தடவைகூட அழவில்லை, அழுதால் அந்தச் சத்தத்தில் அவன் குரல் கேட்காமல் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ. அந்த ஒயின் ஒரு மணியில் சாகவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றது. நான் மூக்கை கிளாசின் மேல் வைத்துக்கொண்டு, போகாதே போகாதே என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"செத்த கண்ணயருதேன்" என்று அவன் நாற்காலியில் சாய்ந்தான். கிளாசில் புளிப்பு ஏறியது. பிரகாசி அவன் எச்சில் தட்டை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது நாற்காலியின் பிரம்பில் ஈரம் மட்டும் இருந்தது.

அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. "கயிறு யாரு கையில இருந்துது?" என்றாள்.

"என் கையில."

"கையிலயா?"

சங்கு குளிக்கிறவனின் மனைவியிடம் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல முடியாது. "காலுக்கு அடியில. நான் பாட்டிலைப் பாத்துட்டு இருந்தேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வாஸும் தஸ்நேவிஸும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். சொல்லி முடித்ததும் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எந்தம்பி இப்ப வீட்லதான் இருப்பானா?" என்று தஸ்நேவிஸிடம் கேட்டாள்.

"இருப்பான். நடக்க முடியாம கெடக்கான்" என்றார் அவர்.

"போகணும்" என்றாள். போகவில்லை. மேஜையருகே வந்து, பாட்டிலில் அடிமண்டியோடு கிடந்ததைக் கயித்தான் மோர் குடித்த டம்ளரில் கவிழ்த்தாள். வாழ்நாளில் இதைத் தொட்டிராதவள், ஒரே மடக்காகக் குடித்தாள். புளிப்பும் கசப்பும் ஏறி முகம் கோணி, கண்ணில் நீர் வந்தது. டம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"இதுக்கா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் படி இறங்கித் திரேஸ்புரத்துப் பக்கம் நடந்தாள். மூன்று மணி வெயில் நேரே முகத்தில் அடித்தது. வாஸ் எழுந்து குடை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

கயித்தான் வாசலில் வந்து நின்ற அந்த நேரத்தில், அந்த ஒயின் என் வாயில் எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.